கேட்டில் தொங்கிய சுங்குடி மூட்டை

கபாலியும் தேவானையும் இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு அடையாறில் அந்தக் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தபோது காலை எட்டு மணி இருக்கும். ஏழு வருடமாக வண்டி நின்ற பழைய தெருவில், வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். சிமெண்டு லாரி திரும்ப இடம் வேண்டும் என்று இவர்களை விரட்டிவிட்டார்கள்.

புதிய தெரு அழகான தெரு. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் மேலே கைகோத்துக்கொண்டு நின்றன. சித்திரை வெயில்கூடத் தரைக்கு வருவதற்குள் பாதி செலவாகிவிடும். ஆனால் அந்த நிழல் எல்லோருக்கும் பொதுவில்லை. முதல் வீட்டில், வண்டி நின்றால் கார் எடுக்க முடியாது என்றார்கள். இரண்டாவது வீட்டில் கரிப்புகை ஆகாது, ஆஸ்துமா. மூன்றாவது வீட்டில் மனிதர்கள் வெளியே வரவே இல்லை, நாய் வந்து சொல்லிவிட்டுப் போனது.

கடைசியில் அடுக்குமாடி ஒன்றின் வாட்ச்மேன் அசோகன்தான் வழி காட்டினான்.

“அதோ, அந்த பங்களா காம்பவுண்டு ஓரமா போட்டுக்கங்கண்ணே. அங்க ஆள் கெடையாது. ஏன்னு கேக்க நாதியில்ல.”

பழைய காலத்துத் தனி வீடு. முன்னால் தோட்டம், பின்னால் மாமரங்கள், மாடியில் பச்சை அடித்த மர ஜன்னல்கள், எல்லாம் சாத்தியபடி. கேட் தூணில் சலவைக்கல்லில் ‘அபயாம்பாள் இல்லம்’ என்று பொறித்திருந்தது. கேட்டில் சங்கிலியும் பூட்டும் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

கபாலி கேட் கம்பி வழியாக உள்ளே பார்த்தான். தெரு முழுக்கச் சருகு கொட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வேலைக்காரம்மா மரத்தைத் திட்டிக்கொண்டே பெருக்குகிறாள். ஆள் இல்லாத இந்த வீட்டுப் பாதையில் மட்டும் ஒரு இலை கிடையாது.

உள்ளேயிருந்து கஞ்சி வாசனை வந்தது. துணிக்குப் போடுகிற கஞ்சி.

“எவனோ சோறு வடிக்கிறான். வேலையைப் பாருய்யா” என்றாள் தேவானை.

பத்து நாளில் தொழில் சூடு பிடித்தது. விரட்டியவர்களே மூட்டை கட்டி அனுப்பினார்கள். கபாலி ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் வைத்துக்கொள்பவன் இல்லை. எதிர் வீட்டு விஜயராகவன் என்றால் அவனுக்கு வெள்ளைக் கதர் அரைக்கை, காலரில் சந்தனக் கறை. வீணை டீச்சர் ஸ்வர்ணலதா என்றால் மாம்பழ நிறக் காட்டன் புடவை, பச்சைக் கரை. கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுப் பார்த்து இது யாருடையது என்று சொல்லுவான்.

அவனுடைய சொந்தச் சட்டை மட்டும் எப்போதும் கசங்கித்தான் இருக்கும். “ஊருக்கெல்லாம் மடிப்பு வெக்கிறான், இவன் சட்டையப் பாரு, மாடு மென்னு துப்புனாப்ல கீது” என்று தேவானை சிரிப்பாள்.

பெண் சிந்துவின் சிரிப்பு வேறு. லேப் டெக்னீசியன் படிப்பு முடித்து, தேனாம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அவளுடைய நீலச் சுடிதாரைத் தேய்க்கும்போது கபாலி பேச்சுவாக்கில் பெட்டியை அப்படியே வைத்துவிட்டான். கீழ் ஓரத்தில் கறுப்பாகத் தீய்ந்துவிட்டது. முப்பது வருடத் தொழிலில் அவன் தீய்த்த ஒரே துணி. “ஊர்ல கீற துணியெல்லாம் ஒழுங்கா தேச்சிட்டு என் துணியில சூடு போட்டியே நைனா” என்று அதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கேலி செய்வாள். ஃபோனில் குயில் கத்துகிற மாதிரி மணி வைத்திருந்தாள். அது கூவினாலே கபாலிக்கு முகம் மலர்ந்துவிடும்.

முதல் மூட்டை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

காலையில் வண்டியின் தார்ப்பாயை எடுக்கும்போது பார்த்தான். கேட்டின் ஈட்டிக் கம்பியில், நிறம் போன சிவப்புச் சுங்குடிப் புடவையில் கட்டிய சின்ன மூட்டை தொங்கியது. உள்ளே ஒரே ஒரு சட்டை, கஞ்சி போட்டு, ஈரம் தெளித்துச் சுருட்டியது. யாரோ வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். தேய்த்து, அதே புடவையில் வைத்து, அதே கம்பியில் மாட்டினான்.

தேய்க்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. கதர், அரைக்கை, காலரில் சந்தனம். விஜயராகவனின் சட்டை. அது ஏன் இந்த வீட்டிலிருந்து வருகிறது?

‘நமக்கென்ன’ என்று விட்டுவிட்டான்.

மதியம் மூட்டை கம்பியில் இல்லை. யார் எடுத்தார்கள் என்று அவனும் பார்க்கவில்லை, தேவானையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எதிர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. கபாலி பெட்டியை ஓரம் வைத்துவிட்டு ஓடினான். கூடத்தில் விஜயராகவனைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். இன்னும் குளிப்பாட்டவில்லை, சட்டைகூடக் கழற்றவில்லை. சட்டைக் கையில் கபாலி வைத்த மடிப்பு கலையாமல் கத்தி மாதிரி நின்றது.

மருமகள் மாளவிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “இந்த சட்டைய ரெண்டு வாரமா காணோம்னு தேடிண்டே இருந்தார். காத்தால பாத்தா நாற்காலி மேல தேச்சு வெச்சிருக்கு. நீங்கதான் குடுத்தீங்களா? குளிச்சுட்டு ஆசையா போட்டுண்டார். காபி கலந்துண்டு வரேன், அதுக்குள்ள…”

கபாலி வெளியே வந்து அசோகனைப் பிடித்தான்.

“அந்த பங்களால யாரு கீறாங்க? மெய்யச் சொல்லு.”

“யாருமில்லண்ணே. அபயாம்பாள்னு ஒரு அம்மா ஒத்தையா இருந்துச்சு. செத்து ஆறு வருசமாச்சு. சொந்தக்காரங்கல்லாம் வெளிநாட்ல.” அசோகன் குரலைத் தாழ்த்தினான். “தெருவுல ஒருத்தரோடயும் ஒத்துப்போகாது. காட்டன் பொடவதான் கட்டும். மடிப்பு ஒண்ணு பெசகினாப் போதும், அந்த எடத்துல பின் குத்தித் திருப்பி அனுப்பிடும். எந்த இஸ்திரிக்காரனும் இங்க நெலச்சதில்ல. செத்து ரெண்டு நாளைக்கு அப்புறந்தான் வெளிய தெரிஞ்சுது. தெருவுல ஒருத்தர் எட்டிப் பாக்கல.”

வயதானவர், மாரடைப்பு, நடக்கிறதுதான். கபாலி தனக்குத் தானே அப்படிச் சொல்லிக்கொண்டான். தேவானையிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே வண்டியைத் தள்ளு என்பாள். தள்ளிக்கொண்டு எங்கே போவது?

இரண்டாவது மூட்டை அடுத்த வாரம் வந்தது. மாம்பழ நிறக் காட்டன், பச்சைக் கரை. கசங்கிய துணி கைக்கு வந்தால் இஸ்திரிக்காரன் கை சும்மா இருக்காது. பாதி தேய்த்த பிறகுதான் அது யாருடைய புடவை என்று அவனுக்கு உறைத்தது. இந்தத் தடவை கேட்டில் மாட்டவில்லை. உரியவரிடம் நேரே கொடுத்துவிட்டால் எந்த வம்பும் இல்லை என்று, மடித்து எடுத்துக்கொண்டு வீணை டீச்சர் வீட்டுக்கே போனான். அதுதான் யோக்கியமான வேலை என்று நினைத்தான்.

ஸ்வர்ணலதாவுக்கு ஒரே சந்தோஷம். “மாடியில காயப்போட்டிருந்தேன்ப்பா, பறந்து போயிடுத்துன்னு விட்டுட்டேன். உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கும்போது விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கபாலி பார்த்தான். மாம்பழ நிறம். கொசுவத்தில் அவனுடைய மடிப்பு.

அன்று முதல் அவன் கேட்டைப் பார்ப்பதில்லை. தேவானையிடமும் கறாராகச் சொன்னான். “தே, கேட்ல மூட்டை தொங்கிச்சின்னா தொடாத. நான் சொல்றவரைக்கும் கிட்டயே போவாத.”

“ஏன், இன்னா ஆச்சி?”

“சொன்னாக் கேளு.”

அவள் கேட்டாள். அவ்வளவு நல்ல மனுஷி. கேட்டில் மூட்டை தொங்கினாலும் இனித் தொடமாட்டாள்.

கபாலி மறந்தது ஒன்றுதான். மூட்டை கேட்டில்தான் தொங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

புதன்கிழமை மதியம் இரண்டரை மணி. அடுக்குமாடிக்குத் துணி கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். தெருவில் ஈ காக்கை இல்லை. மரங்கள் அசையவில்லை. பங்களாவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி உதறுகிற சத்தம்.

பட்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

பட்.

வண்டியருகே தேவானை பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எதையோ அழகாக மடித்துக்கொண்டிருந்தாள். நீலம்.

“சிந்து எப்ப வந்தா?” என்றான். 

“வந்தாளா? நான் பாக்கலியே. வண்டி மேல துணிங்களோட கெடந்துச்சி. நாளிக்கி மொத நாள் வேலை, போட்டுகினு போகணும்னு நீதான் எடுத்தாந்து வெச்சேன்னு நெனச்சேன்.” அவள் கடைசி மடிப்பைக் கையால் நீவினாள். கீழ் ஓரத்தில் தீய்ந்த கறுப்பு தெரிந்தது. “நல்லா ஈரம் தெளிச்சி சுருட்டி வெச்சிருந்துச்சா, சுளுவா வந்துடுச்சி.”

கபாலி அதைப் பிடுங்கினான். வாளித் தண்ணீரில் முக்கினான், பிழிந்தான், கசக்கினான், தரையில் போட்டு மிதித்தான். எடுத்து உதறியபோது மடிப்பு அப்படியே நின்றது.

“யோவ், பைத்தியமா புடிச்சிகிச்சி உனக்கு?”

பெட்டியைத் திறந்து கனிந்துகொண்டிருந்த கரியை அதன் மேல் கொட்டினான். ஈரம் சீறியது. பிறகு பிடித்துக்கொண்டது. நீலம் சுருண்டு கறுத்துச் சாம்பலாகும்வரை பக்கத்திலேயே நின்றான். தேவானை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான், கதர்ச் சட்டை, மாம்பழப் புடவை, எல்லாம். கேட்டுக்கொண்டே அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“நான் தேச்சிட்டேனே” என்றாள். “என் கையால தேச்சிட்டேனேய்யா.”

“அதான் எரிச்சாச்சில்ல. இரு, ஃபோன் போட்றேன்.”

ஸ்பீக்கரில் போட்டான். சிந்து உடனே எடுத்தாள். சைதாப்பேட்டையில் வீட்டில்தான் இருந்தாள். குரலில் உற்சாகம்.

“நைனா, நானே பண்ணலாம்னு இருந்தேன். அந்த நீல சுடிதார காலைலேர்ந்து தேடிகினு இருந்தேன். இப்ப பாத்தா கட்டில் மேல கீது, தேச்சி மடிச்சி! அம்மா எப்ப வந்து வெச்சிட்டுப் போச்சி? அளவு சரியா கீதான்னு போட்டுப் பாத்துகினு கீறேன்.”

கபாலியின் காலடியில் சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

“கழட்டு.”

“இன்னா நைனா?”

“கழட்டுடி கண்ணு, ஒடனே கழட்டு!”

“ஏன் கத்துற? இரு…” துணி உரசும் சத்தம். “சூடா கீது நைனா. இப்பத்தான் பெட்டிலேர்ந்து எடுத்தாப்ல… கழுத்துல மாட்டிகினு வரமாட்டுது. இறுக்குது. நைனா, மூச்சு…”

தேவானை ஃபோனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அலறினாள். கபாலி பங்களாவைப் பார்த்தான்.

மாடி ஜன்னல் ஒன்று திறந்திருந்தது.

அவன் யோசிக்கவில்லை. போட்டிருந்த சட்டையைக் கழற்றினான், பொத்தான்கள் தெறித்தன. பலகையில் விரித்தான். தண்ணீர் தெளித்தான். கொட்டிய கரியைக் கையாலேயே அள்ளிப் பெட்டியில் போட்டான், சுட்டது உறைக்கவில்லை. வாழ்நாளில் முதல் முறையாகத் தன் சட்டையைத் தேய்த்தான். காலர், முதுகு, வலது கை, இடது கை. கை நடுங்கியது. மடித்தான். சுங்குடிப் புடவை எங்கே என்று தேடவேண்டியிருக்கவில்லை, வண்டியின் சக்கரத்தடியில் காத்துக்கொண்டிருந்தது. அதில் கட்டி, கேட்டுக்கு ஓடி, ஈட்டிக் கம்பியில் மாட்டினான்.

“என்ன எடுத்துக்கோ” என்று முனகினான். “அத்த வுட்டுடு தாயீ. பொண்ணு அது. நாளிக்கித்தான் மொத மொத வேலைக்குப் போவப் போவுது. என்ன எடுத்துக்கோ.”

கஞ்சி வாசனை முகத்தில் அடித்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், யாரோ நிற்கிற மாதிரி.

கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது கம்பியில் மூட்டை இல்லை.

பின்னால் ஃபோனில் சிந்து இருமிக்கொண்டிருந்தாள். “வந்துடுச்சி… கழண்டுடுச்சிம்மா. யப்பா! குப்பையில போட்றேன் இத்த.”

தேவானை அழுதாள். கபாலி கேட்டில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தான். வெற்றுடம்போடு நடுத்தெருவில் சிரிக்கிறானே என்று மூன்றாவது வீட்டு நாய் குரைத்தது. சாகப்போகிறோம் என்று தெரிந்தும் அவன் மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கபாலி மகளைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துச் சாப்பிடச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தான். “இன்னா நைனா, புதுசா பாக்கற மாதிரி பாக்கற” என்றாள். விடியும்போது சாவு வரும் என்று எதிர்பார்த்துப் படுத்தான்.

விடிந்தது. உயிரோடு இருந்தான்.

பால்காரர் வந்தார். தண்ணி லாரி வந்தது. தேவானை குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவனும் கூடவே போய் இரண்டு குடம் தூக்கினான். திரும்பி வருவதற்குள் சிந்து வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். ஏழரை மணிக்கு அங்கே இருக்கவேண்டுமாம், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“வா, போய் வண்டிய எடுத்துகினு வந்துடலாம்” என்றான் கபாலி. “அந்தத் தெருவே வேணாம் நமக்கு.”

தெரு எப்போதும்போல இருந்தது. வேலைக்காரம்மாக்கள் மரத்தைத் திட்டிக்கொண்டே பெருக்கினார்கள். கேட்டுக்கு முன்னால் வந்ததும் கபாலியின் கால் நின்றது.

கம்பியில் சுங்குடி மூட்டை தொங்கியது.

அவிழ்த்தான். அவனுடைய சட்டை, அவன் மடித்தபடியே இருந்தது. இடது கையில் மட்டும் மடிப்பு இரண்டாக விழுந்திருந்தது. கை நடுங்கிய இடம்.

அந்த இடத்தில் ஒரு சேஃப்டி பின் குத்தியிருந்தது.

அசோகன் சொன்னது அவன் நினைவுக்கு வருவதற்கு ஒரு நிமிஷம் ஆனது.

“தே,” என்றான் மெதுவாக. “காலைல பொண்ணு எத்தப் போட்டுகினு போனா?”

“மஞ்சள் சுடிதார் எடுத்து வெச்சேன். அவ குளிச்சிகினு இருந்தா.” தேவானை அவன் கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள், பின்னைப் பார்த்தாள். “நாமதான் தண்ணி புடிக்கப் போயிட்டமே. போறப்ப நான் பாக்கலியேய்யா.”

“ஃபோன் போடு.”

அவள் விரல் இரண்டு முறை தவறியது. பிறகு மணி போனது. காதில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். எடுக்கவில்லை. மணி போய்க்கொண்டே இருந்தது.

எங்கேயோ குயில் கூவியது.

அந்தத் தெருவில் குயிலுக்குக் குறைவில்லை. கபாலி மரங்களைப் பார்த்தான். சத்தம் மரத்திலிருந்து வரவில்லை. சாத்திய பச்சை ஜன்னல்களுக்கு உள்ளேயிருந்து, மாடியிலிருந்து வந்தது. விடாமல், ஒரே மாதிரி கூவிக்கொண்டிருந்தது.

தேவானை ஃபோனை நிறுத்தினாள்.

குயிலும் நின்றது.